முதுகுவலி: டாக்டர் பதில்கள்

கேள்வி: முன்னாள் ராணுவத்தினன் நான். இடுப்புவலி இருக்கிறது. வைகாசி கருட சேவைக்கு வாகனம் சுமக்கலாமா?
— சின்ன காஞ்சிபுரம் வாசகர்

பதில்: இந்த வருடம் வேண்டாம். வரதராஜப் பெருமாளோடு கூடவே நடந்து வாருங்கள். நடை உங்களுக்கு மருந்து.

கேள்வி: ஹவில்தாராக ஓய்வுபெற்று, வீட்டில் தறி நெய்கிறேன். நான்கு வருடமாக வலி. ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் என்கிறார்கள். பெல்ட் போட்டுப் படுத்தே கிடக்கிறேன். ஆபரேஷன் செய்துகொள்ளட்டுமா?
— பிள்ளையார்பாளையம் வாசகர்

பதில்: காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றால் இப்போது ஆபரேஷன் பேச்சே வேண்டாம். ஸ்கேனைப் பார்த்து மிரளாதீர்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை 2015-இல் தொகுத்துப் பார்த்ததில், இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. தலைநரையைப் போல அதுவும் பெரும்பாலும் வயதின் அடையாளம். முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள். நாள்பட்ட இடுப்புவலிக்கு பெல்ட்டும் டிராக்‌ஷனும் வழக்கமாகத் தரவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அது முன்வைப்பது உடற்பயிற்சியை. கடுமையான மாத்திரை கேட்டும் அலையாதீர்கள். அமெரிக்காவில் முதுகுவலி, மூட்டுவலி உள்ள முன்னாள் ராணுவத்தினர் 240 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மார்ஃபின் வகை மாத்திரை சாப்பிட்டவர்கள், வேறு வலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நன்றாக நடமாடவில்லை.

“பட்டாளத்தில் செய்யாத பி.டி.யா? அதில்தானே முதுகு போனது?” என்பீர்கள். பாரம் சுமந்து ஓடியது வேறு. இன்று பத்து நிமிடம் நடந்து, அடுத்த வாரம் பதினைந்தாக்குவது வேறு. வலி குறைந்த நாளில் வேலையை அள்ளிப் போட்டுக்கொள்வதும், கூடிய நாளில் அடியோடு படுத்துவிடுவதும்தான் நான்கு வருடமாக உங்களை அங்கேயே நிறுத்தியிருக்கிறது. குழித்தறியில் நாலைந்து தார் தீர்ந்ததும் மேலே ஏறி, தெருமுனைவரை நடந்து வாருங்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டக் கார்டு இருந்தால் பாலிகிளினிக்கில் பிசியோதெரபிக்குச் சீட்டுக் கேளுங்கள். அங்கே கரண்ட் வைத்து அனுப்பினால் போதாது; வீட்டில் செய்யும் பயிற்சியைக் கற்றுத்தரச் சொல்லுங்கள். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். நடுவில் விட்டுவிட்டு, பயிற்சி பலிக்கவில்லை என்று எழுதாதீர்கள்.

கேள்வி: எல்லையில் இருந்து வந்த என் கணவர் இரவில் தூங்குவதில்லை, முதுகு வலிக்கிறது என்று எரிந்து விழுகிறார். நடிக்கிறாரா, டாக்டர்?
— ஓரிக்கை வாசகி

பதில்: இல்லையம்மா. தூக்கம் கெட்டால் வலி கூடும். வலி கூடினால் தூக்கம் கெடும். மனப்பாரமும் வலியை நிஜமாகவே பெருக்கும். முதுகுக்கும் மனசுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அவர் தயங்கினால் முதலில் நீங்கள் பேசுங்கள்.