கல்லீரல் கொழுப்பு: நம்ம தட்டையும் கொஞ்சம் பார்ப்போம்

போன வருசம் ஆனி மாசம், குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்த நேரம். ஏதோ வயிற்றுவலி என்று தென்காசியில் ஸ்கேன் எடுத்தேன். வலிக்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று இருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. பதினாலு வருசமா ரசாயனத்தைத் தொட்டதில்லை. வீட்டு அரிசி நம்ம வயலில் விளைந்த ஆனைக்கொம்பனும் கருங்குறுவையும். எண்ணெய் மரச்செக்கு. சீனி வீட்டுக்குள் வராது, கருப்பட்டிதான். குடிப்பழக்கமும் கிடையாது. "டாக்டர், ரிப்போர்ட் ஆள் மாறிப்போச்சோ?" என்றே கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி சாப்பிடுதீங்க அண்ணாச்சி? எடை போட்டுப் பார்த்துட்டு வாங்க" என்றார்.

விதை எடை போடுகிற சின்னத் தராசை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனேன். மூன்று நாள் கணக்கு. இட்லி, தோசைக்கு ஊறப்போட்டதில் என் பங்கையும் சேர்த்துச் சராசரி 460 கிராம் வந்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி உணவுக்குத் தானியம் மொத்தமே 250 கிராம்தான். பருப்பு, முட்டை, மீன் வகையில் 85 கிராம், காய்கறி 400 கிராம். என் தட்டில் பருப்பு 30 கிராம்கூடத் தேறவில்லை. காய் என்று ரெண்டு கரண்டி கூட்டு. இத்தனைக்கும் வாராவாரம் சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவன் நான்!

சோறு எப்படிக் கொழுப்பாகும் என்று பலரும் கேட்கிறார்கள். பிரான்சில் வாத்துக்குத் தொண்டையில் குழாயை விட்டு, ரெண்டு வாரம்போல மக்காச்சோளத்தைத் திணிப்பார்கள். அதன் ஈரல் பல மடங்கு வீங்கிக் கொழுப்பாகிவிடும். அதை ஃபுவா கிரா என்று பெரிய விலைக்கு விற்பார்கள். (கொடுமையான வேலை. அதை இறக்குமதி செய்ய நம் நாடு 2014-ல் தடை போட்டது.) இதில் கவனிக்க வேண்டியது தீனியைத்தான். மக்காச்சோளத்தில் நூற்றுக்கு நாலஞ்சு பங்குதான் கொழுப்பு, பெரும்பகுதி மாவுச்சத்து. கொழுப்பைத் தின்று அந்த ஈரல் கொழுக்கவில்லை, மாவுச்சத்தைத் தின்று கொழுத்தது.

நமக்கும் அதே கதைதான். குழாய் இல்லை, கரண்டி இருக்கிறது. சாப்பிட்ட மாவுச்சத்து குளுக்கோஸாகிறது. ஈரல் அதில் சுமார் 100 கிராம்தான் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும். தசையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். உழைப்பில் செலவாகாமல் நாள்தோறும் மிஞ்சினால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. சீனியில் பாதி ஃபிரக்டோஸ். அது பெரும்பாலும் ஈரலுக்கே போய்ச் சேருகிறது. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் தாதுச்சத்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். தேனிலும் நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரை. நான் நாளைக்கு நாலு கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஈரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தால் அது நோய்க் கணக்கு. வலிக்காது, கண் மஞ்சளாகாது. சிலருக்கு அது அழற்சியாகி, நார் படிந்து, கடைசியில் சிரோசிஸ் வரை போகும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியிட்ட கணக்கில், பெரியவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு இது இருக்கிறது. ஒல்லியான ஆள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ஆணுக்கு இடுப்புச் சுற்று 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தாண்டினாலே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"அப்போ சிறுதானியத்துக்கு மாறிட்டா சரியாப் போகுமா?" நம் கூட்டங்களில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அரிசியில் 100 கிராமுக்கு முக்கால் பங்கு மாவுச்சத்து என்றால், சாமை, வரகிலும் 60 கிராமுக்கு மேல். நார்ச்சத்து கூடுதல், அது நல்லதுதான். ஆனால் 2025-ல் வந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றினால் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்கிறது. மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் புரதத்தை வைத்தால்தான் பலன். ஈரல் கொழுப்பும் சர்க்கரை நோயும் ஒரே வேரில் கிளம்புகிறவை.

எங்க தாத்தா என்னைவிட அதிகம் சாப்பிட்டிருப்பார். அவர் ஏர் பிடித்தார், கமலை இறைத்தார், சந்தைக்கு நடந்தே போனார். நான் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் மோட்டார் போடுகிறேன். உழைப்பு போய்விட்டது, சோற்றின் அளவு மட்டும் அப்படியே நிற்கிறது.

செய்த மாற்றம் பெரிசா ஒன்றுமில்லை. அரிசியை 220 கிராமுக்குக் கொண்டுவந்தேன். நம்ம ஊர் உளுந்தஞ்சோறு இருக்கிறதே, தோல் உளுந்தைக் கூட்டி அரிசியைக் குறைத்து, எள்ளுத் துவையலோடு வாரம் ரெண்டு நாள். ராத்திரிக்குக் காணம் அல்லது சிறுபயறு சுண்டல், முட்டை, கீரை. காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வருவது. காப்பி ரெண்டு, இனிப்பில்லாமல். முதல் ரெண்டு வாரம் வயிறு நிறைந்த மாதிரியே இல்லை, வீட்டில் எரிந்துவிழுந்தேன். சாரலுக்கு வந்த நண்பர்களோடு பிரானூர் பார்டரில் ஒரு நாள் புரோட்டாவும் சாப்பிட்டேன், பொய் சொல்ல வேண்டாம். அஞ்சுக்குப் பதில் ரெண்டு. காலையில் வரப்பைச் சுற்றி முக்கால் மணி நேரம் வேகநடை.

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும் என்பது மருத்துவக் கணக்கு. எட்டு மாசத்தில் 78 கிலோவிலிருந்து 72 ஆனேன். தை மாசம் எடுத்த ஸ்கேனில் கிரேடு 1. நார் படிந்திருக்கிறதா என்று அறிய, வயது, ரெண்டு ஈரல் நொதிகள், தட்டணு எண்ணிக்கை இவற்றை வைத்து 'ஃபிப்-4' என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும். டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அவரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது, மயக்கம் வந்துவிடும்.

கீழாநெல்லி, சீந்தில் என்று ஆளாளுக்குக் கொடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. கொரோனா காலத்தில் சீந்தில் எடுத்த சிலருக்கு ஈரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. எப்படியானாலும் தேர்ந்த சித்த மருத்துவரைக் கேட்காமல் அரைத்துக் குடிக்கிற விசயமில்லை.

எங்கள் குழு விற்கிற கருங்குறுவை அரிசிப் பையில் 'சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது' என்று அச்சடித்திருந்தோம். அந்த வரியை எழுதிக் கொடுத்தவனே நான்தான். இந்த முறை பை அடிக்கும்போது அதை எடுக்கச் சொன்னேன். கூட்டத்தில் ஒரே சத்தம். "விக்காது வே" என்றார் ஒருவர். ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் 'ஒருவருக்கு ஒரு வேளைக்கு 70 கிராம்' என்று போட்டிருக்கிறோம். முதல் 200 பை போன வாரம் வந்து இறங்கியது.