சந்தேகத்துக்குத் தீனி போடாதீர்கள்



சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் அமைதி காணாத ஆத்துமங்கள் உண்டு. கதவைத் தொட்டுவிட்டோமென்று தோல் உரியுமட்டும் கை கழுவுவோரும் உண்டு. இரண்டும் ஒரே நோயாயிருக்கக்கூடும். எண்ணச்சுழற்சி நோய் என்பது அதன் பெயர். அது பாவமன்று, பேயின் வேலையுமன்று.

கழுவியதும் அச்சம் தணிகிறது. கழுவியதால்தான் தப்பினோம் என்று மனம் நம்பிவிடுகிறது. ஆகவே அச்சம் மறுபடியும் வருகிறது.

1966-ம் ஆண்டில் இலண்டன் மனநூல் வல்லுநர் விக்டர் மேயர் வேறொரு வழியை வெளியிட்டார். நோயாளி தான் அஞ்சுவதைத் தொட வேண்டும். தொட்டபின் கழுவாதிருக்க வேண்டும். முதலில் அச்சம் ஏறும். பொறுத்திருந்தால் பெரும்பாலும் தானே இறங்கும். இன்று இச்சிகிச்சையைச் சிறிய அச்சத்தில் தொடங்கி, நோயாளியின் சம்மதத்தோடு படிப்படியாய் நடத்துகிறார்கள். சிலருக்கு மருந்தும் வேண்டும்.

நமக்கு இது முற்றும் புதிதன்று. 1522-ல் மன்ரேசாவில் அர்ச். இஞ்ஞாசியார் இதே வேதனையால் உயிரையே வெறுத்தார். பழைய பாவங்களை இனிச் சொல்வதில்லையென்று தீர்மானித்த பிறகே விடுதலை பெற்றார்.

வீட்டாரே, "கை சுத்தந்தான்" என்று நூறு தரம் தேற்றாதீர்கள். அதுவும் நோய்க்குத் தீனியே. நானும் இரக்கத்தால் அப்படித் தேற்றியதுண்டு; அது பிழை.

வேதனைப்படுகிறவர்களே, பயிற்சி பெற்ற மனநல மருத்துவரிடம் போக வெட்கப்படாதீர்கள். சொன்ன பாவத்தை மறுபடி சொல்ல வந்தால் தடுப்பேன். அது கடுமையன்று, உங்கள் சுகத்துக்கான மருந்து.