தொண்டைக்குள் ஒரு நாற்றங்கால்

திருவாரூரில் வாழும் நமக்கு நாற்றங்கால் புதிதன்று. ஓர் இடத்தில் விதைவிட்டு, வளர்ந்த நாற்றைப் பறித்து வயலெங்கும் நடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். நம் உடலிலும் அத்தகைய நாற்றங்கால்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில்.

வாய், மூக்கு வழியே நுழையும் கிருமிகளை எதிர்க்க, 'பி' செல், 'டி' செல் என்னும் வெள்ளை அணுக்கள் அங்கே கூடுகின்றன. 'டி' செல்களின் துணையோடு 'பி' செல்கள் பெருகுகின்றன. கிருமியை இறுகப் பற்றும் எதிர்ப்பொருளை உண்டாக்குபவை நிலைக்கின்றன, மற்றவை அழிகின்றன. தேறியவை, நாற்று வயலுக்குச் செல்வதுபோல், இரத்தத்தின் வழியே உடலுக்குள் பரவுகின்றன.

அடிக்கடி வீங்கித் தொல்லை தரும் டான்சிலை மருத்துவர்கள் அறுத்தெடுப்பதுண்டு. இவ்வாறு எடுத்த சதையை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வீணாக்கவில்லை. அதன் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, சத்து நீர் ஊற்றிச் சிறு கிண்ணங்களில் வளர்த்தனர். சில நாட்களில் அவை தாமாகவே மீண்டும் ஒன்றுகூடின! ஃப்ளூ தடுப்பு மருந்தை இட்டதும் எதிர்ப்பொருளையும் சுரந்தன. இதை 2021ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

இதனால் என்ன பயன்? எலியிடம் வெற்றி பெற்ற மருந்து மனிதரிடம் தோற்பதுண்டு. கிண்ணத்தில் இருப்பதோ மனிதச் செல்களே. ஆயினும் கிண்ணத்திற்கு இதயமில்லை, ஈரலில்லை. எனவே இறுதிச் சோதனைக்கு மனிதர் முன்வரத்தான் வேண்டும்.

கிண்ணத்தில் மட்டுமன்று, ஒருவரின் செல்கள் மற்றொருவர் உடலிலும் வேரூன்றும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெறுகிறது. தம்பிக்கு அக்காளின் மஜ்ஜை முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பொருந்தி வேரூன்றினால், அவன் உடலில் புது இரத்தமும் புது எதிர்ப்புச் சக்தியும் விளைகின்றன.

இரண்டிலும் நாம் மறக்கலாகாத கேள்வி ஒன்றுண்டு: அந்தச் சதை யாருடையது? வேண்டாமென்று அறுத்ததாயினும், கேளாமல் ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா? கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆராய்ச்சியில் பங்குபெறுபவரிடம் விளக்கிக் கூறி ஒப்புதல் பெற வேண்டும். சிறுவர் சிறுமியராயின் பெற்றோரின் ஒப்புதலோடு, விவரமறிந்த பிள்ளையின் இசைவும் தேவை. ஆம், நம்மையும் கேட்க வேண்டும்!

பக்கத்து வயலில் நாற்று மிஞ்சிக் கிடந்தாலும், கேட்டுத்தானே எடுத்து வருகிறோம்? நாளை நம்மில் சிலர் மருத்துவராகலாம், விஞ்ஞானியாகலாம். கிண்ணத்தை நிரப்புமுன் கேட்கும் பழக்கத்தை இன்றே கற்போம்.