த்ராஷ் மெட்டல்: வேகமா வாசிச்சா மட்டும் போதுமா?

போன வருஷம் நம்ம கல்ச்சுரல்ஸ்ல மூணு பேண்ட் த்ராஷ் வாசிச்சது. அதுல ஒண்ணு எங்களோடது. மூணுமே செம வேகம். மூணுலயும் மூணாவது நிமிஷத்துலயே கூட்டம் கேன்டீன் பக்கம் நகர ஆரம்பிச்சிடுச்சு. அடுத்த ஆடிஷனுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. ஃபர்ஸ்ட் இயர் பசங்க ரெண்டு பேண்ட் புதுசா ஆரம்பிச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். நாங்க பண்ணின தப்பையே அவங்களும் பண்ண வேண்டாம்னுதான் இந்தக் கட்டுரை.

எங்க டிரம்மர் சின்ன வயசுல மந்தைவெளியில மிருதங்கம் கத்துக்கிட்டவன். அன்னிக்கு வாசிச்சதோட ரெக்கார்டிங்கைத் தன் பழைய வாத்தியாருக்குப் போட்டுக் காட்டியிருக்கான். அவர் ஹெட்போனைக் கழட்டிட்டு கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன்டா, ஆரம்பிச்ச காலப்பிரமாணம் எங்கடா போச்சு?" சத்தம் ஜாஸ்தின்னோ இது சங்கீதமே இல்லைன்னோ அவர் சொல்லலை. பாட்டை 190 பிபிஎம்ல ஆரம்பிச்சு 215ல முடிச்சிருந்தோம். எங்க யாருக்குமே அது தெரியலை.

த்ராஷ்னாலே வேகம்னு ஒரு நினைப்பு இருக்கு. பாதி உண்மைதான். 1980களோட தொடக்கத்துல கலிபோர்னியா பசங்க ரெண்டு விஷயத்தைக் கலந்தாங்க. ஒண்ணு டைமண்ட் ஹெட் மாதிரி பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பேண்டுகளோட ரிஃப். இன்னொண்ணு டிஸ்சார்ஜ் மாதிரி பங்க் பேண்டுகளோட ஆவேசம். 1983ல மெட்டாலிகாவோட 'கில் எம் ஆல்' வந்தது. 1986ல 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', ஸ்லேயரோட 'ரெய்ன் இன் பிளட்', மெகாடெத்தோட 'பீஸ் செல்ஸ்', ஜெர்மனியில இருந்து க்ரியேட்டரோட 'ப்ளெஷர் டு கில்' எல்லாம் ஒரே வருஷத்துல. அதே சமயத்துல இதைவிட வேகமா வாசிச்ச பேண்டுகளும் இருந்தாங்க. அவங்க பேரு நமக்குத் தெரியலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும் இல்லையா?

முதல்ல வலது கை. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டோட வேகம் சுமார் 212 பிபிஎம். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அந்த ரிஃப்பை டவுன்ஸ்ட்ரோக்லயே வாசிக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பீட்டுக்கு ரெண்டு அடி, நிமிஷத்துக்கு 424, செகண்டுக்கு ஏழு. மேலயும் கீழயும் மாத்தி மாத்தி அடிச்சா கைக்குப் பாதி வேலைதான். அப்புறம் ஏன் இந்தக் கஷ்டம்? கீழ்நோக்கி அடிக்கும்போது தடிமனான கம்பி முதல்ல அதிரும், மேல்நோக்கி அடிச்சா மெல்லிய கம்பி முதல்ல. காதுக்கு அது ஒரு கனம், ஒரு லேசுன்னு மாறி மாறி விழும். எல்லாமே டவுன்ஸ்ட்ரோக்னா ஒவ்வொரு அடியும் ஒரே எடையில இறங்கும். சுத்தியல் அடி மாதிரி. இது வராத கை 220ல அல்டர்னேட் பிக்கிங் பண்ணினா கேட்கிறவனுக்கு மிக்ஸி ஓடுற மாதிரிதான் இருக்கும். எங்களுக்கு நடந்தது அதேதான்.

அடுத்தது டிஸ்டார்ஷன். ஈசிஇ பசங்களுக்கு இந்த இடம் பிடிக்கும். டிஸ்டார்ஷன்ங்கிறது வேற ஒண்ணுமில்லை, சிக்னலோட தலையை வெட்டுற கிளிப்பிங்தான். ரெண்டு ஸ்வரத்தைச் சேர்த்து கிளிப் பண்ணினா அதுக்குள்ள இல்லாத புது அதிர்வெண்களும் பிறக்கும், அந்த ரெண்டோட கூட்டலும் கழித்தலும். கிட்டாரோட கீழ் ஈ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். அதோட பஞ்சமம் பி, சுமார் 123.5. கழிச்சா 41. அது பேஸ் கிட்டாரோட கடைசிக் கம்பி. யாருமே வாசிக்காத ஒரு தாழ்ந்த ஈ உங்க ஆம்ப்ல இருந்து வருது! பவர் கார்டு அவ்வளவு கனமா கேட்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். அதே இடத்துல மேஜர் கார்டு வாசிச்சுப் பாருங்க, கொழகொழன்னு ஆயிடும். கிட்டார்ல பஞ்சமம் சுத்தமான 3:2 விகிதத்துல இருந்து வெறும் 2 சென்ட்தான் விலகியிருக்கு. காந்தாரம் 14 சென்ட் விலகியிருக்கு. கிளீன் டோன்ல அது பெருசா தெரியாது, கிளிப் பண்ணினா அந்த விலகல் மண்டையில அடிக்கும். கெயினைக் கூட்டக் கூட்ட ஸ்வரங்களைக் குறைக்கணும். போன வருஷம் நாங்க கெயின் குமிழைப் பத்துல வெச்சிட்டு கார்டுல எல்லா விரலையும் வெச்சோம்.

பாம் மியூட் பத்தி ஒரு வார்த்தை. உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் மேல வெச்சு அடிக்கிறது. சத்தத்தைக் குறைக்கிறதுக்குன்னு சிலர் நினைக்கிறாங்க. அது ஸ்வரத்தோட நீளத்தைக் குறைக்கிறதுக்கு. அப்பதான் கிட்டார் ஒரு தாள வாத்தியமா மாறும். கேலப்னு சொல்ற அந்தக் குதிரை ஓட்டத்தைச் சொல்லிப் பாருங்க: தா-தக, தா-தக, தா-தக. வாயில சொல்ல வராத ரிஃப் கையிலயும் சுத்தமா வராது. இந்த ஒரு பழக்கத்துலயே எங்க ரிஃப் பாதி சரியாச்சு. மயிலாப்பூர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா என்ன!

இப்போ நம்ம ஆடிட்டோரியம். தகரக் கூரை, சிமென்ட் சுவர், கைதட்டினா ஒண்ணரை செகண்டுக்குச் சத்தம் சுத்துது. 210 பிபிஎம்ல ஒரு பதினாறாம் நோட் நீடிக்கிறது வெறும் 0.07 செகண்ட். அதாவது நீங்க அடிக்கிற ஒவ்வொரு நோட் மேலயும் அதுக்கு முன்னாடி அடிச்ச இருபது நோட்டோட பேய் உட்கார்ந்திருக்கும். ஸ்லேயரோட 1985 ஆல்பம் 'ஹெல் அவெய்ட்ஸ்' கேளுங்க, குகைக்குள்ள வாசிச்ச மாதிரி ரிவெர்ப். அடுத்த வருஷம் ரிக் ரூபின் தயாரிச்ச 'ரெய்ன் இன் பிளட்' கேளுங்க. ரிவெர்ப் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, ஒவ்வொரு அடியும் முகத்துக்கு நேரா. பத்து பாட்டு, மொத்தமே 29 நிமிஷம். அவ்வளவு வேகத்துலயும் ஒரு நோட்கூட ஒண்ணு மேல ஒண்ணு விழலை. அந்த ஆல்பம் பெருசானதுக்கு நான் சொல்ற முதல் காரணம் இந்தத் தெளிவுதான். நம்ம ஹாலை மாத்த முடியாது. ஆனா பெடல்ல இருக்கிற ரிவெர்பை அணைக்கலாம், வேகத்தை ஒரு 20 பிபிஎம் குறைக்கலாம், கிக் டிரம்முக்குள்ள ஒரு பழைய போர்வையைத் திணிக்கலாம். மூணுமே இலவசம்.

பேஸ் பத்தியும் சொல்லியாகணும். 1986 செப்டம்பர் 27ல ஸ்வீடன்ல நடந்த பஸ் விபத்துல கிளிஃப் பர்ட்டன் இறந்துட்டார். அதுக்கப்புறம் வந்த 1988 ஆல்பத்துல பேஸ் கிட்டார் கேட்கவே கேட்காது. ரிஃப் எல்லாம் அற்புதம், ஆனா ஏதோ எலும்பு மட்டும் நடந்து போற மாதிரி இருக்கும். நம்ம சவுண்ட்காரர் பேஸைக் குறைக்க வந்தா கையைப் பிடிச்சிடுங்க.

டிரம்ஸ்ல த்ராஷோட அடிப்படை ஸ்கேங்க் பீட். டும்-டக், டும்-டக்னு கிக்கும் ஸ்நேரும் மாத்தி மாத்தி ஓடும். நல்ல சாவு மேளம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு இது புதுசே இல்லை. ஆனா நாலு நிமிஷம் இதையே அடிச்சா காது பழகிடும். பழகின வேகம் வேகமே இல்லை. ஸ்லேயரோட 'ஏஞ்சல் ஆஃப் டெத்' பாட்டை நடுவுல இருந்து கேளுங்க. தலைதெறிக்க ஓடிட்டிருந்த பாட்டு சட்டுனு இறங்கி, கனமா ஒரு ரிஃப்ல நிக்கும். 1988ல பப்ளிக் எனிமி என்கிற ஹிப்-ஹாப் குழு அந்த இடத்தை எடுத்துத் தங்களோட ஒரு பாட்டுல வெச்சது. த்ராஷ்லயே வேகமான பேண்டோட பாட்டுல ஹிப்-ஹாப்காரங்க எடுத்தது மெதுவான இடத்தை! நம்ம கச்சேரியிலயும் இந்த வித்தை உண்டு. காலப்பிரமாணம் அப்படியே இருக்க, கீழ்க்காலத்துல இருந்து மேல்க்காலம் போவாங்க, திரும்பி வருவாங்க. தாளம் போடுற கை மாறாது. எங்க டிரம்மருக்கு இது சின்ன வயசுலயே தெரியும். டபுள் பெடல் வாங்கினதும் மறந்துட்டான்.

இதெல்லாம் வாசிப்பு. இது சரியா வந்தாலும் பாட்டு நிக்கிறது வேற ஒரு விஷயத்துல: யார் மேல கோபம்?

பிரேசில்ல பெலோ ஒரிசோன்ச்சி ஊர்ப் பசங்க செபுல்டுரா. ஆரம்பத்துல பேய், பிசாசு, சாபம்னு ஐரோப்பிய, அமெரிக்க மெட்டலோட சாமான்களையே தூக்கிட்டு வந்தாங்க. 1993ல வந்த 'கேயாஸ் ஏ.டி.' ஆல்பத்துல, முந்தின வருஷம் சாவோ பாலோ கராண்டிரு சிறையில நடந்த படுகொலையைப் பத்தி ஒரு பாட்டு இருக்கு. வேகம் குறைஞ்சிருக்கு, கனம் கூடியிருக்கு. நம்ம பக்கத்துலயே உதாரணம் இருக்கு. சிங்கப்பூர்ல 1992ல ஆரம்பிச்ச ருத்ரா பேண்ட். பேஸும் குரலும் கதிர்னு ஒரு தமிழர். த்ராஷும் டெத் மெட்டலும் கலந்த இசை, சொல்றது வேதாந்தம், சமஸ்கிருதமும் ஆங்கிலமும். அதைத் தாங்களே 'வேதிக் மெட்டல்'னு கூப்பிட்டுக்கிறாங்க. 2005ல வந்த 'பிரம்மவித்யா: ப்ரைமார்டியல் ஐ' கேட்டுப் பாருங்க. அந்தத் தத்துவம் உங்களுக்கு ஒத்துவராம போகலாம், எனக்கே பாதி ஒத்துவராது. ஆனா கடன் வாங்கின குரல்னு சொல்லவே முடியாது. திருவனந்தபுரத்து கேயாஸ், கண்ணூர்ல இருந்து தி டவுன் ட்ராடன்ஸ்னு கேரளாவுல இருந்தும் கேட்க ஆள் இருக்காங்க. சென்னையில நமக்குப் பெரும்பாலும் சீனியர்கள் சொல்ற கதைதான். 2009ல ஐஐடி சாரங்குக்கு ஓபெத் வந்தது, 2011ல மெட்டாலிகாவையும் 2012ல ஸ்லேயரையும் பார்க்க பெங்களூருக்கு ரயில் ஏறினது.

எங்க முதல் பாட்டு ஆங்கிலத்துல. நரகம், ரத்தம், அணுகுண்டு எல்லாம் இருந்தது. அணுகுண்டு பயத்தோட வளர்ந்தவங்க 1980கள்ல அதைப் பாடினாங்க, அதுல நியாயம் இருக்கு. நான் வளர்ந்தது கோட்டூர்புரத்துல. எனக்குத் தெரிஞ்ச பயம் 2015 டிசம்பர் 1 ராத்திரி. அடையாறு வாசல் தாண்டி வந்து, மாடிப்படியில ஒவ்வொரு படியா ஏறினதை டார்ச் அடிச்சுப் பார்த்துட்டிருந்தோம். எந்தப் படி வரைக்கும் வந்ததுன்னு அம்மா இன்னிக்கும் சரியா சொல்லுவாங்க. இந்த வருஷம் பாட்டு அதைப் பத்திதான், தமிழ்ல.

தமிழ்ல த்ராஷ் சரிப்படாதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நெடில் நிறைய இருந்தா சரிப்படாது, உண்மைதான். 200 பிபிஎம்ல 'ஆகாயமே'ன்னு இழுக்க நேரம் கிடையாது. ஆனா குறிலும் வல்லின ஒற்றும் சேர்ந்தா பாருங்க: கட்டு, முட்டு, பற்று. ஒவ்வொண்ணும் தன்னாலயே பாம் மியூட் பண்ணின மாதிரி விழும். சொல்லைத் தேடும்போது அர்த்தத்தோட அதையும் பார்த்து எடுத்தோம்.

இன்னும் ஒரு இடம் மாட்டிக்கிட்டிருக்கு. ரெண்டாவது சரணத்துல 'செம்பரம்பாக்கம்'னு வரணும். ஏரியோட பேரைச் சொல்லாம அந்தப் பாட்டு கிடையாது. செம்-ப-ரம்-பாக்-கம், அஞ்சு அசை, நாலுல உட்கார மாட்டேங்குது. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ரிஃப்ல ஒரு பார் மட்டும் பாதியில வெட்டுப்படும், பலர் அதை 5/8னு எழுதுவாங்க. அந்த மாதிரி இந்த ஒரு பாரை மட்டும் கண்டத்துல, தக-தகிடன்னு வெச்சிடலாம்னு டிரம்மர் சொல்றான். தலையாட்டிட்டிருக்கிறவன் அந்த இடத்துல தடுக்கி விழுவான்னு நான் சொல்றேன். விழட்டுமேங்கிறான் அவன். செவ்வாய்க்கிழமை ஜாம்ல ரெண்டையும் வாசிச்சுப் பார்க்கப் போறோம்.