ஆரஞ்சுத் தோலைத் தூக்கிப் போடாதீங்க!



கார்த்திகை பிறந்தால் நம்ம பக்கம் தள்ளுவண்டிகளில் கமலா ஆரஞ்சு வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் நாக்பூர்ப் பழம். மாசி வரை கிடைக்கும். நாம் சுளையைத் தின்றுவிட்டுத் தோலைத் தெருவில் போடுகிறோம். அந்தத் தோலும் கொட்டையும் சேர்த்துச் செய்கிற ஜாம்தான் மார்மலேட். அதை வீட்டில் செய்வது எப்படி, அது ஏன் கெட்டுப் போவதில்லை என்பதுதான் இந்த வாரப் பாடம்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு காரணம் உண்டு. அக்கா கம்பெனியில் முதல் ஷிப்டு. விடியற்காலை 5 மணிக்கே வேன் வந்துவிடும். இட்லி வேகக் காத்திருக்க முடியாது. ரொட்டியில் எதையாவது தடவி எடுத்துக்கொண்டு ஓடுவாங்க. அக்கா மாதிரி நம்ம ஊரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற அக்காக்கள் நிறையப் பேர். அவர்களுக்குச் செய்து விற்கலாமா என்று எங்கள் தெரு மகளிர் குழு அம்மாக்கள் இந்த சீசனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு பயம். பூஞ்சை பிடித்தால் போட்ட காசு போச்சு! அதனால்தான் நான் அளவுகளோடு எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை

'மார்மெலோ' என்பது போர்ச்சுகீசிய மொழியில் ஒரு பழத்தின் பெயர். சீமை மாதுளை என்று அதைச் சொல்வார்கள். அதைச் சர்க்கரையில் கிளறிச் செய்த பண்டம் 'மார்மெலாடா'. பிறகு அந்தப் பெயர் ஆரஞ்சு ஜாமுக்கு வந்துவிட்டது. 1797-ல் ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் ஜேனட் கெய்லர் என்ற அம்மாவும் அவர் மகன் ஜேம்ஸும் இதை ஒரு தொழிலாகவே தொடங்கினார்கள். அவர்கள் ஊரில் ஆரஞ்சு விளையாது. ஸ்பெயின் நாட்டின் செவில் நகரத்துக் கசப்பு ஆரஞ்சுதான் இதற்குப் பேர் போனது.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்க. ஆரஞ்சு என்ற சொல்லே நம் பக்கத்துச் சொல்! நம் நாரத்தை போன்ற ஒரு திராவிடச் சொல்தான் வடமொழியில் 'நாரங்க' ஆகி, பாரசீகம், அரபு, ஸ்பானியம் வழியாகப் போய், முன்னால் இருந்த 'ந' உதிர்ந்து 'ஆரஞ்சு' ஆனது என்று மொழி அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். கசப்பு ஆரஞ்சுத் தோலில் உள்ள கசப்புப் பொருளின் பெயரும் 'நரிஞ்சின்'தான். பாட்டி உப்புப் போட்டு வெயிலில் காயவைக்கும் நார்த்தங்காயும் வெள்ளைக்காரர் மார்மலேட்டும் சொந்தக்காரர்கள்.

தேவையான பொருட்கள்

1. கமலா ஆரஞ்சு – 1 கிலோ (7 அல்லது 8 பழம்)
2. எலுமிச்சம்பழம் – 4
3. சர்க்கரை – 750 கிராம்
4. தண்ணீர் – 1 லிட்டர்
5. சுத்தமான வெள்ளைத் துணி – ஒரு துண்டு
6. எவர்சில்வர் பாத்திரம், மூடி உள்ள கண்ணாடி பாட்டில்கள்

அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்பு அதை அரிக்கும்.

செய்முறை

1. பழங்களை வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவவும். தோலைத்தான் சாப்பிடப் போகிறோம், மறக்க வேண்டாம்.
2. தோலை உரித்து, உள்பக்க வெள்ளையை ஸ்பூனால் சுரண்டித் தனியே வைக்கவும். தோலைத் தீக்குச்சி அளவுக்கு மெல்லிசாக நறுக்கவும்.
3. நறுக்கிய தோலைத் தனித் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவும். பாதிக் கசப்பு போய்விடும்.
4. சுளைகளையும் எலுமிச்சையையும் பிழிந்து சாறு எடுக்கவும். கொட்டை, சக்கை, சுரண்டிய வெள்ளை எல்லாவற்றையும் துணியில் மூட்டையாகக் கட்டவும். நார்த்தங்காய் கிடைத்தால் அதன் வெள்ளைப் பகுதியும் கொஞ்சம் சேர்க்கலாம்.
5. தோல், சாறு, மூட்டை, 1 லிட்டர் தண்ணீர் எல்லாம் சேர்த்துச் சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவைக்கவும். தோலை விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். தோல் வேகுமுன் சர்க்கரை போட்டால் பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பர் மாதிரிதான் இருக்கும்.
6. மூட்டை ஆறியதும் நன்றாகப் பிழியவும். கொழகொழவென்று வரும். அதுதான் முக்கியம், விட்டுவிடாதீங்க!
7. இப்போது சர்க்கரை போட்டுக் கரைந்ததும் தீயைக் கூட்டிக் கிளறவும். சர்க்கரைப் பாகு மேலே தெறித்தால் தோல் வெந்துவிடும். இந்த வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும்.

ஏன் கெட்டியாகிறது?

மூட்டையிலிருந்து வந்த கொழகொழப்பின் பெயர் பெக்டின். பழத்தின் செல்களை ஒட்டவைக்கும் பசை அது. தோலின் வெள்ளையிலும் கொட்டையிலும் அதிகம். பெக்டின், புளிப்பு, சர்க்கரை மூன்றும் சரியான அளவில் சேர்ந்தால்தான் வலை போலப் பின்னி, நீரைப் பிடித்து வைக்கும். கமலாவில் தோல் மெல்லிசு, புளிப்பும் குறைவு. அதனால்தான் எலுமிச்சை சேர்க்கிறோம்.

பதம் பார்ப்பது எப்படி?

தட்டு முறை: குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளவும். மேலே சுருக்கம் விழுந்தால் பதம்.

வெப்பநிலை முறை: தண்ணீர் கொதிக்கும் அளவைவிட 5 டிகிரி அதிகம். நம்ம ஊரில் 105 டிகிரி செல்சியஸ். கொடைக்கானலில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும், அங்கே 98 போதும்.

எடை முறை: எனக்குப் பிடித்தது இது. முடிந்த மார்மலேட்டில் 100-க்கு 65 பங்கு சர்க்கரை இருக்க வேண்டும். 750 கிராம் சர்க்கரை என்றால்,
750 × 100 ÷ 65 = சுமார் 1150 கிராம்.
காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்து வைத்துக்கொண்டு, கழித்துப் பாருங்க. 1150-க்கு வந்ததும் இறக்க வேண்டியதுதான். கணக்குப் பாடம் அடுப்படியிலும் உதவுகிறது!

ஏன் கெடுவதில்லை?

சவ்வூடு பரவல் படித்தோமே, அதுதான். சர்க்கரை இவ்வளவு அதிகமாக இருந்தால் கிருமியின் உடம்பில் இருக்கும் தண்ணீரை அது வெளியே இழுத்துவிடும். கிருமி வளர முடியாது. ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையும் இதுவே. ஆகவே 'சர்க்கரை விலை ஏறிப்போச்சு, பாதி போடுவோம்' என்றால் பூஞ்சை வந்துவிடும். பாட்டில்களை 10 நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஈரமில்லாமல் காயவைத்து, மார்மலேட்டைச் சூடாகவே ஊற்றி மூட வேண்டும். ஈர ஸ்பூன் கூடவே கூடாது. பூஞ்சை தெரிந்தால் மேலாக எடுத்துவிட்டுச் சாப்பிடாதீங்க, முழுதாகக் கொட்டிவிடுங்க.

வரவு செலவு (எங்கள் வீட்டுக் கணக்கு)

ஆரஞ்சு – 60 ரூபாய்
எலுமிச்சை – 16 ரூபாய்
சர்க்கரை – 34 ரூபாய்
கேஸ் – சுமார் 20 ரூபாய்
மொத்தம் – 130 ரூபாய்

1150 கிராமுக்கு 130 என்றால் அரை கிலோவுக்கு 57 ரூபாய்கூட ஆகவில்லை. பாட்டில் விலை தனி. அம்மாக்களின் உழைப்புக்கும் கூலி போட வேண்டும். அதை யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை! விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், செய்த தேதியையும் பாட்டிலில் ஒட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை

1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், ஸ்கர்வி நோய் வந்த மாலுமிகள் 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வேறு வேறு பொருள் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சீக்கிரம் தேறினார்கள். காரணம் வைட்டமின் சி. ஆனால் அது சூட்டில் குறைந்துவிடும். எனவே மார்மலேட் பழத்துக்குப் பதில் ஆகாது. பழத்தைப் பழமாகவும் சாப்பிடணும். சர்க்கரை நோய் உள்ள தாத்தா பாட்டிக்கு இதைக் கொடுக்காதீங்க.

உங்களுக்கு மூன்று கேள்விகள்

1. 1 கிலோ 300 கிராம் சர்க்கரை போட்டால் கடைசி எடை எவ்வளவு இருக்க வேண்டும்?
2. கொட்டைகளைத் தூக்கிப் போட்டால் மார்மலேட் என்ன ஆகும்?
3. உப்பு நார்த்தங்காயும் மார்மலேட்டும் எந்த விதத்தில் ஒன்று?

விடைகளைத் தாளில் எழுதி வகுப்பில் என்னிடம் கொடுங்கள். சரியாக எழுதியவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பிள்ளைப்பாக்கம்.