கணக்குக்குத் துணை தேடுவோர்க்கு



பௌதிகமும் நுண்கணிதமும் படிக்க வரும் நம் தமிழ் மாணவர் பலருக்கு முதலாண்டில் ஒரு தயக்கம் உண்டு. வகுப்பில் ஐயம் எழும். கேட்க நா எழாது. ஆங்கிலத்தில் கேட்டால் பிழை நேருமோ, தமிழில் கேட்டால் நகைப்பார்களோ என்று வாளாவிருந்து விடுவர். இரவில் எவருடைய நோட்டையேனும் பார்த்து எழுதிவிட்டால் வீட்டுக்கணக்கு முடிந்துவிடும். ஆனால், தேர்வு மண்டபத்திற்கு அந்த நோட்டு துணை வருமா? வாராது. துணை கேட்பது இழிவன்று; கேட்கும் முறையை அறியாதிருப்பதே இழப்பு. தம்பானூரில் அறையெடுத்துத் தங்கிப் பௌதிகம் பயிலும் நான், மாலையில் கணக்கோடு வரும் இளையோரிடம் கண்டவற்றை இங்குக் கூற விழைகிறேன்.

நாம் நாளும் காணும் இடத்தையே கணக்காக்குவோம். எண்கள் எளிமை கருதி நான் வைத்துக்கொண்டவை. நாகர்கோவிலிலிருந்து வரும் வண்டி தம்பானூர் நிலையத்தை நெருங்குகிறது. வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். பிரேக் போட்டதும் ஒவ்வொரு விநாடிக்கும் அதன் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர் வீதம் குறைகிறது. நின்ற வண்டி நின்றபடியே இருக்கிறது. பிரேக் போட்டதிலிருந்து 60 விநாடியில் அது கடந்த தூரம் என்ன?

முதற்படி, வினாவைத் தமிழில் சொல்லிப் பார்த்தல். ‘யூனிஃபார்ம் ரிட்டார்டேஷன்’ என்ற தொடரைக் கண்டு மிரள்பவர், ‘வேகம் ஒரே சீராகக் குறைகிறது’ என்று சொல்லிக்கொண்டால் பாதி அச்சம் அகலும். இரண்டாம் படி, அலகுகளை ஒன்றாக்கல். 72 கிலோமீட்டர் என்பது 72,000 மீட்டர். ஒரு மணி என்பது 3,600 விநாடி. ஆகவே, தொடக்க வேகம் விநாடிக்கு 20 மீட்டர்.

இனி, காலத்தைக் ‘கா’ என்று குறிப்போம். வேகம் = 20 − 0.5கா. இதனைத் தொகையிட்டால், தூரம் = 20கா − 0.25கா². காவுக்கு 60 என்று இட்டால் 1200 − 900 = 300 மீட்டர் என வரும். பலர் இங்கே கோடு கிழித்து விடையை எழுதிவிடுவர்.

சற்றே நில்லுங்கள்! 40 விநாடியில் தூரம் எவ்வளவு? 800 − 400 = 400 மீட்டர். 40 விநாடியில் 400 மீட்டர் சென்ற வண்டி, 60 விநாடியில் 300 மீட்டர்தான் சென்றது என்பது எங்ஙனம் பொருந்தும்?

இந்த வினாதான் துணை கேட்கத் தக்க வினா. ‘அண்ணா, விடை என்ன?’ என்று கேட்பவருக்கு ஓர் எண் கிடைக்கும், அவ்வளவே. ‘அண்ணா, தூரம் ஏன் குறைகிறது?’ என்று கேட்பவருக்கோ பாடமே கிடைக்கும். வேகச் சமன்பாட்டைப் பாருங்கள்: 40ஆம் விநாடியில் வேகம் சுழியாகிறது. அதற்குப் பின் சமன்பாடு எதிர்க்குறி வேகத்தைத் தருகிறது. அதாவது, வண்டி பின்னோக்கி ஓடுவதாகக் கணக்கிடுகிறது. உண்மை வண்டியோ நின்றுவிட்டது. ஆதலின், அச்சமன்பாடு 40 விநாடி வரையே செல்லும். சரியான விடை 400 மீட்டர். சராசரி வேகமான 10 மீட்டரை 40 விநாடியால் பெருக்கினாலும் அதுவே வருதல் காண்க. தொகையிடல் நுண்கணிதம், எதுவரை தொகையிடலாம் என்று அறிவது பௌதிகம். இரண்டும் கைகோத்தால்தான் விடை மெய்யாகும்.

காரணத்தைக் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. சங்கமகிராமத்து மாதவனின் வழிவந்த கணித அறிஞர் ஜேஷ்டதேவர், 16ஆம் நூற்றாண்டில் ‘யுக்திபாஷா’ என்னும் நூலை இயற்றினார். முடிவில்லாத் தொடர்களின் முடிவுகளை மட்டும் கூறி நில்லாமல், அவை எவ்வாறு வந்தன என்பதையும் அந்நூல் விளக்கியது. அதுவும் வடமொழியில் அன்று, மக்கள் பேசிய மலையாளத்தில்! தாய்மொழியில் காரணம் கேட்க நாணுவோர் இதனை நினைவிற்கொள்க.

ஆகவே, துணை தேடிச் செல்லுமுன் அரைமணி நேரம் தனியே முயலுங்கள். படம் வரையுங்கள். கொடுத்தவை எவை, வேண்டியது எது என்று எழுதுங்கள். எந்த வரியில் தடைப்பட்டீர்களோ, அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். விளக்கம் பெற்றபின் நோட்டை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் முதலிலிருந்து செய்து பாருங்கள். அப்போது கை ஓடினால்தான் கணக்கு உங்களுடையது.

மூத்த மாணவர்களுக்கும் ஒரு சொல். கேட்க வரும் தம்பி, தங்கையரின் பேனாவை நீங்கள் வாங்கிக் கொள்ளாதீர்கள். அது அவர்கள் கையிலேயே இருக்கட்டும். ‘இதற்கு முந்தைய வரி எப்படி வந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வினாவே போதும். இன்று நம்மிடம் வழிகேட்பவர் நாளை மற்றொருவருக்கு வழிகாட்டுவார். நம் சங்கத்தின் பயனும் அதுவே அன்றோ!