பெட்டியில் எழுதிய எண்

ஓசூர்ப் பக்கம் இருந்து பெங்களூருக்கு இரவில் காய்கறி வண்டிகள் போகும். தக்காளி, பீன்ஸ், முட்டைகோஸ் எல்லாம் விடிவதற்குள் கலாசிபாளையம் சந்தையில் இறங்க வேண்டும். தாமதமானால் விலை போய்விடும்.

அப்படி ஒரு பிக்கப் வண்டி ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி அவருடைய சொந்த வண்டி. ஆனால் கடன் இன்னும் முடியவில்லை. மாதம் தவறாமல் தவணை கட்ட வேண்டும்.

ஓர் இரவு அத்திப்பள்ளி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, ஒன்றும் நடக்காததுபோல் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து மடிவாளாவில் மறுபடி நின்றது. மூன்றாம் முறை நின்றபோது விடிந்துவிட்டது. தக்காளியைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

பக்கத்தில் இருந்த ஒரு மெக்கானிக் பார்த்தார். "வண்டியோட மூளை போயிடுச்சு. புதுசா போடணும்" என்றார். அவர் சொன்ன தொகை ஒரு மாதத் தவணையை விட அதிகம். ஓட்டுநருக்குத் தலை சுற்றியது.

வண்டிக்கு மூளையா? அது என்ன?

அது ஓர் அலுமினியப் பெட்டி. ஒரு புத்தகம் அளவுதான் இருக்கும். இ.சி.யூ. என்றும் இ.சி.எம். என்றும் சொல்வார்கள். உள்ளே ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. சில வண்டிகளில் அது இன்ஜின் பக்கத்தில் இருக்கும். சிலவற்றில் டாஷ்போர்டுக்கு அடியிலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கும்.

பழைய டீசல் வண்டிகளில் இந்தப் பெட்டி கிடையாது. டீசலை அளந்து அனுப்ப ஒரு பம்ப் இருந்தது. பெங்களூர் ஆடுகோடியில் மைக்கோ கம்பெனி செய்த பம்ப் அந்தக் காலத்தில் நாடெங்கும் பெயர் பெற்றது. 1951இல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு 2008 முதல் பாஷ் என்று பெயர். அந்தப் பம்ப் முழுக்க முழுக்க இரும்பு வேலை. ஸ்பேனரும் நல்ல காதும் இருந்தால் மெக்கானிக் அதைச் சரி செய்துவிடுவார்.

பிறகு ஏன் கம்ப்யூட்டர் வந்தது? புகைதான் காரணம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வண்டிப் புகை மூட்டமாக நின்றது. மக்களுக்குக் கண் எரிந்தது, மூச்சு முட்டியது. 1970இல் அந்த நாடு புகையைக் குறைக்கக் கடுமையான சட்டம் போட்டது. எரிபொருளைத் துல்லியமாக அளந்தால்தான் புகை குறையும். இரும்புப் பம்பால் அவ்வளவு துல்லியம் முடியாது. நம் நாட்டிலும் சட்டம் வந்தது. பாரத் ஸ்டேஜ் நான்கு என்ற விதி 2010இல் பெங்களூர், சென்னை முதலிய பெரிய நகரங்களுக்கு வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்தது. ஐந்தைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு வந்தது.

இந்தக் கம்ப்யூட்டர் செய்கிற வேலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது. அப்போது நிமிடத்துக்கு 4,000 முறை டீசல் பீச்ச வேண்டும். அதாவது ஒரு வினாடிக்கு 66 முறைக்கு மேல்! அழுத்தமும் சாதாரணம் இல்லை. கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். பல புது டீசல் இன்ஜின்களில் டீசலின் அழுத்தம் 1,600 பார் வரை போகும். டயரைப் போல 800 மடங்கு.

இதற்கெல்லாம் கம்ப்யூட்டருக்குச் செய்தி வேண்டும். சென்சார்கள்தான் செய்தி சொல்கின்றன. ஒன்று இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்கிறது. ஒன்று சூட்டைச் சொல்கிறது. ஒன்று ஓட்டுநர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தார் என்று சொல்கிறது. எல்லாச் செய்தியும் ஒயர் வழியாகத்தான் வருகிறது. ஒயரை எலி கடித்துவிட்டால்? பெட்டி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வண்டி ஓடாது. அப்போது பெட்டியை மாற்றினால் பணம்தான் போகும்.

நம் ஓட்டுநர் அவசரப்படவில்லை. வில்சன் கார்டனில் ஒரு பழைய மேஸ்திரியிடம் போனார்.

"அண்ணே, மூளை போயிடுச்சுன்னு சொல்றாங்க."

"யார் சொன்னது? மீட்டர் வச்சுப் பாத்தாங்களா?"

"இல்லேண்ணே. சும்மா பாத்தே சொன்னாங்க."

"அப்படின்னா இன்னும் யாருக்கும் தெரியாது, தம்பி. வண்டியை நிறுத்து."

மேஸ்திரி முதலில் பேட்டரியைப் பார்த்தார். நின்ற வண்டியில் பன்னிரண்டரை வோல்ட் இருந்தது. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் காட்டியது. இரண்டும் சரி. அடுத்து ஃபியூஸ், ரிலே. பிறகு எர்த் ஒயர். அந்த ஒயர் பாடியோடு சேரும் இடத்தில் துரு பிடித்தால் கம்ப்யூட்டர் குழம்பிப்போகும். அதைக் கழற்றி, தேய்த்து, இறுக்கினார். பெட்டியில் சொருகியிருக்கும் ஒயர்களையும் எடுத்துப் பார்த்தார். ஈரம் இல்லை, பச்சை படியவில்லை.

அடுத்து ஸ்கேனர். ஸ்டியரிங்குக்கு அடியில் 16 துளை உள்ள ஒரு சொருகி இருக்கும். அதில் ஸ்கேனரை மாட்டினால் கம்ப்யூட்டர் தன் குறையை எண்ணாகச் சொல்லும். அன்று 'பி 0335' என்று வந்தது. இன்ஜின் சுற்றும் வேகத்தைச் சொல்லும் சென்சாரிடம் இருந்து செய்தி சரியாக வரவில்லை என்று பொருள். கவனியுங்கள். சென்சார் கெட்டது என்று பொருள் இல்லை. சென்சார் கெட்டிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், பெட்டியே கெட்டிருக்கலாம். எண்ணைப் பார்த்ததும் பொருளை மாற்றுகிறவர்கள் பலர். செலவு அவர்களுடையது இல்லையே!

சூடானால் நின்று, ஆறினால் ஓடுவது பெரும்பாலும் அந்தச் சென்சாரின் குணம்தான். அதன் விலை பெட்டியின் விலையில் சிறு பங்கு. மேஸ்திரி அதை முதலில் மாற்றினார். இரண்டு நாள் வண்டி ஓடியது. மூன்றாம் நாள் நின்றது.

இப்போதுதான் மேஸ்திரி பெட்டியைச் சந்தேகப்பட்டார். சென்சார்களுக்குப் பெட்டிதான் 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கிறது. மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே, தலைமுடி உலர்த்தும் கருவியால் பெட்டியை மெல்லச் சூடாக்கினார். சிறிது நேரத்தில் 5 வோல்ட் 2 வோல்ட்டாக இறங்கியது. இன்ஜின் நின்றது. ஏதாவது ஒரு சென்சார் கோளாறானாலும் 5 வோல்ட் இப்படி இறங்கும். அதனால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். அப்போதும் ஏறவில்லை. பெட்டி ஆறிய பிறகுதான் ஏறியது.

"இப்போ சொல்றேன். பெட்டிதான்" என்றார் மேஸ்திரி. உள்ளே எங்கோ ஈயப் பற்று விட்டிருக்க வேண்டும். சூட்டில் விரிந்து விலகுகிறது. ஆறினால் ஒட்டுகிறது.

பெட்டியைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். பாடியில் வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பல பட்டறைகளில் அப்படிச் செய்வதில்லை. வெல்டிங் மின்சாரம் புகுந்து கெட்ட பெட்டிகள் உண்டு.

ஓட்டுநர் பழைய பெட்டியோடு ஜே.சி. ரோடு போனார். வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக உள்ள தெரு அது. கடைக்காரர் ஒரு பெட்டி எடுத்து வைத்தார். அதே நிறம், அதே அளவு. சொருகியும் பொருந்தியது.

"அதேதான் சார். கண்ணை மூடிட்டு மாட்டலாம்" என்றார்.

ஓட்டுநர் கண்ணை மூடவில்லை. இரண்டு பெட்டியிலும் ஒட்டியிருந்த சீட்டைப் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். கடைசி இரண்டு எண் வேறாக இருந்தது.

"இது வேற நம்பர்ங்க."

கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஆமா" என்று உள்ளே போனார்.

பெட்டி ஒன்றுபோல் இருக்கும். உள்ளே எழுதிய கணக்கு வேறாக இருக்கும். ஒரு இன்ஜினின் கணக்கு இன்னொரு இன்ஜினுக்கு ஆகாது. வண்டி ஓடாமல் போகலாம். ஓடினாலும் கரும்புகை தள்ளலாம்.

சிவாஜி நகரில் பழைய சாமான் கிடைக்கும், விலை குறைவு. ஆனால் பல வண்டிகளில் பெட்டி தன் சாவியை மட்டும்தான் ஏற்கும். திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. வேறு வண்டியின் பெட்டியைப் போட்டால் இன்ஜின் பிடிக்காது. பழைய பெட்டியில் உள்ள விவரங்களை நகல் எடுத்து ஏற்றினால் பிடிக்கும். அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும். பில் இல்லாத சாமான் திருட்டுச் சாமானாகவும் இருக்கலாம். ஓட்டுநர் எண் பொருந்திய புதுப் பெட்டியைப் பில்லோடு வாங்கினார். வாரண்டி எத்தனை மாதம் என்று பில்லிலேயே எழுதச் சொன்னார்.

மாட்டிய உடன் வேலை முடியவில்லை. புதுப் பெட்டி எதுவும் அறியாத பெட்டி. அதில் வண்டியின் 17 எழுத்துச் சேசிஸ் எண்ணை ஏற்ற வேண்டும். சாவிகளை அறிமுகப்படுத்த வேண்டும். வீட்டில் உள்ள இரண்டாவது சாவியையும் கொண்டுவர வேண்டும். டீசல் பீச்சும் இன்ஜெக்டர் நான்கின் தலையிலும் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி இருக்கும். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் உண்டு. அந்தக் குறியைச் சொன்னால்தான் கம்ப்யூட்டர் அளவைத் திருத்திக்கொள்ளும்.

இன்ஜெக்டர்களில் எண்ணெய் படிந்திருந்தது. மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை.

"நீ படி தம்பி" என்றார்.

ஓட்டுநர் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஸ்கேனர் வைத்திருந்த பையன் அதைத் தட்டினான். ஒரு இடத்தில் எட்டா, ஆங்கில 'பி'யா என்று சந்தேகம் வந்தது. மறுபடி துடைத்துப் பார்த்தார். எட்டுதான்.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். நிற்கவில்லை.

அன்று இரவு ஓசூரில் தக்காளி ஏற்றும்போது, ஓட்டுநர் தன் கணக்கு நோட்டில் பெட்டியின் எண்ணையும் நான்கு குறிகளையும் எழுதிக்கொண்டார். அதே பக்கத்தில், மேலே, அந்த மாதத் தவணைத் தேதி இருந்தது.